சோப்பில் பதிந்த சாவி

பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஒரே ஒரு ஆள் நிற்கத்தான் அந்தக் கடையில் இடம். அதில் இருபத்திரண்டு வருஷமாக நின்றவளை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அரம் பிடித்துக் காய்த்த கை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, யாருக்கும் சட்டென்று மசியாத வாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்குத் திறக்கத் தெரியாத பூட்டு அது ஒண்ணுதான்" என்று சிரித்தே அனுப்பிவிடுவாள். அவள் வீட்டில் அலமாரி நிறையக் காதல் நாவல்கள் இருந்தது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணிக்கு நூலகத்தில் வேலை. மாதக் கடைசி ஞாயிறு அங்கே வாசகர் வட்டம் கூடும். சாவியக்கா எப்போதாவது போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவாள். வாயைத் திறந்ததில்லை.

ஒரு நாள் காலையில் மடிப்புக் கலையாத சட்டை போட்ட வாலிபன் ஒருவன் கடைக்கு வந்தான். கைக்குட்டையைப் பிரித்து ஒரு குளியல் சோப்பை எடுத்து வைத்தான். சோப்பின் நடுவில் சாவியின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது.

"இதை வச்சு ஒரு சாவி செஞ்சு தரணும்க்கா."

"சாவி எங்க?"

"அவகிட்ட இருக்கு. அச்சு எடுத்தது அவளுக்குத் தெரியாது." வெட்கத்தோடு சிரித்தான். "அவளுக்குப் பிடிச்ச நாவல்ல ஹீரோ இப்படித்தான் செய்வான். நமக்கெல்லாம் யாரு இப்படிச் செய்யறான்னு அவளே சொன்னா."

சாவியக்கா சோப்பைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலை வைத்து அழுத்தி அச்சை ஒரே இழுப்பில் வழித்துவிட்டாள்.

"அவளைக் கூட்டிட்டு வா. அவ கண்ணு முன்னாடி செஞ்சு தரேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். சோப்பு வாசனை மட்டும் மதியம் வரை விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அண்ணியிடம் அந்த நாவலைக் கேட்டாள்.

"அதுக்குப் பன்னெண்டு பேர் வரிசையில நிக்கறாங்க. இந்த மாச வட்டத்துக்கே அதுதான்" என்று சொல்லி, இரண்டு நாள் தவணையில் கொண்டுவந்து கொடுத்தாள் அண்ணி.

வானொலியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மிரட்டல் கடிதங்கள் வருகின்றன. விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி அவள்மேல் காதல் கொள்கிறான். அவள் சாவிக்குக் கள்ள நகல் செய்து, அவள் தூங்கும்போது உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கேட்டால் காவலாம். கடிதம் எழுதியவன் வேறொருவன் என்று கடைசியில் தெரிந்ததும், இவன் பத்தரைமாற்றுத் தங்கமாகிவிடுகிறான். கல்யாணம், சுபம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே நாவல் கிடைத்திருந்தால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்திருப்போம் என்று நினைத்ததும், அவள் புத்தகத்தைச் சட்டென்று மூடித் தள்ளி வைத்தாள்.

அந்த ஞாயிறு ஏழு பேர் வந்திருந்தார்கள்.

"நாற்காலி சீன்ல எனக்குப் புல்லரிச்சுப் போச்சு" என்று ஆரம்பித்தாள் கணக்கு டீச்சர்.

"எங்க வீட்டுக்காரர் நான் தூங்கறேன்னு டிவி சத்தத்தைக்கூடக் குறைக்க மாட்டார்" என்றாள் நர்ஸ். "இவன் என்னடான்னா மூச்சை எண்ணிட்டு உக்காந்திருக்கான். அவ கொடுத்து வச்சவ!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சஸ்பென்ஸ் பிரமாதம்" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். "ஆனா நானா இருந்தா தபால் முத்திரையைப் பார்த்தே ரெண்டாவது அத்தியாயத்துல ஆளைப் பிடிச்சிருப்பேன்."

"எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு" என்றது கடைசி நாற்காலி.

எல்லாத் தலைகளும் திரும்பின. டீச்சர் பொறுமையாகச் சொன்னாள்: "கதையைக் கதையாப் பாருங்கக்கா. கெட்டவன் அவன் இல்லையே."

"திடுக்குனு முழிச்சுப் பார்க்கிறவளுக்கு அது எப்படித் தெரியும், நாற்காலியில இருக்கறவன் நல்லவனா கெட்டவனான்னு?"

பிறகு, யாரும் கேட்காமலே அவள் சொல்லத் தொடங்கினாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருவன் சோப்போடு வந்தான். பொண்டாட்டிக்குப் பிறந்தநாள், அவள் வருவதற்குள் வீடு முழுக்கப் பூ வைக்கவேண்டும் என்றான். இவள் உருகிப்போனாள். இழைத்து இழைத்துச் செய்து கொடுத்தாள். முகம் தெரியாத அந்தப் பொண்டாட்டிமேல் ஒரு வாரம் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்த மாதம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் பூட்டு மாற்றக் கூப்பிட்டாள். தான் வேலைக்குப் போனதும் வீட்டுக்குள் யாரோ வந்து போகிறார்கள், தலையணை இடம் மாறிக் கிடக்கிறது என்றாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பழைய பூட்டைக் கழற்றச் சாவியைக் கையில் வாங்கியதும் சாவியக்காவுக்கு ஒவ்வொரு பல்லும் தெரிந்தது. தான் இழைத்துக் கொடுத்த சாவியில் இருந்த அதே பல்.

"எச்சிலை முழுங்கிட்டுப் புதுப் பூட்டைப் போட்டுட்டு வந்தேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

டீச்சர் நாவலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இருந்தாலும், நாவல்ல அவனுக்கு ஒரு காரணம் இருந்துச்சு."

மறுநாள் நூலக அறிவிப்புப் பலகையில் அண்ணியின் கையெழுத்தில் குறிப்பு இருந்தது: 'வாசகர்கள் நாவலை வெகுவாகப் பாராட்டினர். ஒருவர் தம் சொந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார்.'

"பகிர்ந்துக்கிட்டேனா? அதென்ன மிட்டாயா?" என்று அண்ணியிடம் எகிறினாள் சாவியக்கா.

அண்ணி புத்தகத்தில் முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லவேண்டியதை எங்ககிட்ட வந்து கொட்டினா, நான் வேற என்னத்தை எழுத?"

சுருக்கென்று தைத்தது.

மதியம் கடையைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் இருந்தாள். காதோரம் இரண்டு நரை. ஒரு கிழவரின் மூக்கில் கண்ணாடிச் சட்டத்தை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போகும்வரை சாவியக்கா காத்திருந்தாள். பிறகு, தயார் செய்துகொண்டு வந்த பீடிகையெல்லாம் மறந்துபோய், "அன்னைக்கு அந்தச் சாவியைச் செஞ்சு குடுத்தது நான்தாங்க" என்றாள்.

"தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

"எப்பலேர்ந்து?"

"அப்பவே. இந்தப் பக்கத்துல சாவி செய்யறது நீங்க ஒருத்தர்தானே."

"தெரிஞ்சும் என்னையே ஏன் கூப்பிட்டீங்க?"

அந்தப் பெண் ஒரு கண்ணாடியை எடுத்துத் துணியால் துடைத்தாள். "வாயைத் திறந்து சொல்வீங்களான்னு பார்க்கத்தான். சாவியைக் கையில வாங்கினதும் உங்க முகம் மாறிச்சு. சரி, சொல்லப்போறாங்கன்னு நினைச்சேன். அவன் எப்படி இருந்தான், என்ன சொன்னான்னு நீங்க சொல்லியிருந்தா, யாருன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். எனக்கு அது தெரிய இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள மூணு வீடு மாறினேன்."

துடைத்த கண்ணாடியைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"இப்ப சொல்லிட்டீங்க. உங்களுக்குப் பாரம் இறங்கியிருக்கும். போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரைக் கூப்பிட்டாள் அவள்.

பாரம் இறங்கவில்லை. இத்தனை நாள் நாவல்மேலும் டீச்சர்மேலும் காறித் துப்பத் தோன்றிய அருவருப்பு முழுவதும் தன்மேல் வந்து ஒட்டிக்கொண்டது போலிருந்தது. அன்று சாயங்காலம் அலமாரியைக் காலி செய்து, புத்தகங்களைக் கட்டாகக் கட்டி வாசலில் வைத்தாள். வாங்கிப்போக வந்த பழைய பேப்பர்காரர் மேலே இருந்த அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல கதையாக்கா?" என்று கேட்டார்.

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள்.