கொள்ளைப் படங்களுக்குக் குரல் தந்த ஞானமுத்து

பாலவனத்தத்தில், பருத்தி எடுத்து முடிந்த கரிசலில், கொட்டகைக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தோம். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்காமலேயே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, உங்க ஞானமுத்து போயிட்டாராம். திருச்சுழியிலருந்து வந்தவுக சொன்னாக." கையிலிருந்த கயிற்றை யாரிடம் கொடுத்தேன் என்று நினைவில்லை. அதே பஸ்ஸில் ஏறி, விருதுநகர் போய்ச் சுற்றித்தான் திருச்சுழி போய்ச் சேர்ந்தேன். எதிர்த் திசையில் ஏறியிருக்கிறேன் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

நான் டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டுகிறவன். ஞானமுத்து எங்கள் கொட்டகையில் இங்கிலீஷ் படங்களுக்குத் தமிழில் கதை சொன்னவன். மணலில் உட்கார்ந்து அவன் குரலைக் கேட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

யுத்தத்துக்குத் தப்பி, பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவன் அவன். ரங்கூனில் ஒரு படக்கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன். பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் படங்களின் போக்கு அவனுக்குப் படிந்திருந்தது. யுத்தத்தில் புதுத் தமிழ்ப் படம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. பழைய இங்கிலீஷ் படங்கள் தாராளமாகக் கிடைத்தன. ஆனால் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. முதலாளி அவன் கையில் ஒரு தகரக் குழலைக் கொடுத்துத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவன் கையை உயர்த்தினால் நான் சத்தத்தைக் குறைப்பேன். அவன் பேசுவான்.

சண்டைப் படம், காதல் படம் எல்லாவற்றுக்கும் பேசினான். ஆனால் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு கொள்ளைப் படத்தைத்தான். நாலு பேர் ஒரு தையல் கடையை வாடகைக்குப் பிடித்து, அதன் அடியிலிருந்து பக்கத்துப் பாங்கியின் பெட்டக அறைக்குச் சுரங்கம் தோண்டுகிற கதை. தோண்டும் கட்டம் வந்தால் கொட்டகையில் பீடி பற்றவைக்கும் சத்தம்கூடக் கேட்காது. பூட்டு திறந்ததும் ஆயிரம் பேர் சேர்ந்து மூச்சு விடுவார்கள். வாழ்நாளில் அடுத்தவர் வேலியில் ஒரு முள்ளை ஒடித்திராத ஜனங்கள்.

"இதுல அப்படி என்னலே இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவுக களவையா பாக்குறாக?" என்றான். "நூலு வராம தறியெல்லாம் நிக்கிது. கைக்கு வேல இல்ல. அங்க பாரு, எட்டுக் கைக்கும் வேல. ஒருத்தன் வேலைய ஒருத்தன் தாங்குறான். அதப் பாக்கத்தாம்லே வாராக."

அந்தச் சமயத்தில், கொட்டகை போட்டிருந்த ஊரில், பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் பின்சுவரில் கன்னம் வைத்துவிட்டார்கள். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் நேரே கொட்டகைக்கு வந்தார். "திருடச் சொல்லிக் குடுக்குறீங்களா? லைசென்ஸ ரத்துப் பண்ணச் சொல்லி எழுதப்போறேன்" என்றார். முதலாளி கைகூப்பி நின்றார். ஞானமுத்துதான் பேசினான்: "ஐயா ஒருவாட்டி முழுசாப் பாத்துட்டு எழுதுங்க."

அன்றைக்கே முதல் ஆட்டத்துக்கு அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். சுரங்கம் பாதி தோண்டியிருக்கும்போது பாங்கிக் காவலாளியின் பூட்ஸ் சத்தம் மேலே கேட்கும். ஞானமுத்து வேண்டுமென்றே பேச்சை நிறுத்தினான். அந்த அமைதியில், "அட, வெளக்க அணைங்கடா!" என்று ஒரு குரல். இன்ஸ்பெக்டர்தான். கொட்டகை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. அவரும் சிரித்துவிட்டார். அதன் பிறகு லைசென்ஸ் பேச்சே எழவில்லை. கன்னம் வைத்தவன் பிறகு அகப்பட்டான். கிட்டங்கிக்காரரின் மைத்துனன், சினிமாவே பார்க்காதவன்.

படத்தின் முடிவில் சுரங்கம் சரிந்துவிடும். மூன்று பேர் தப்பிவிடுவார்கள்; நான்காவது ஆளைப் போலீஸ் விலங்கு போட்டு இழுத்துப் போகும். ஞானமுத்து அப்படிச் சொன்னதே இல்லை. "இவுக போலீசு இல்ல, வேசம் போட்டு வந்த கூட்டாளிக. வேற வழியா அவனக் கூட்டிட்டுப் போறாக" என்பான். ஜனங்கள் நம்பினார்கள்.

"ஏம்லே இப்படிப் புளுகுற?" என்றேன். மறுநாள் காலையில் பிலிம் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பதில் வந்தது. பர்மாவிலிருந்து நடந்து வந்த வழியில் அவன் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு மரத்தடியில் கிடத்திவிட்டு, மருந்து தேடி முன்னால் போனான். திரும்புவதற்குள் பட்டாளத்தார் பாதையை மூடிவிட்டார்கள். தம்பி என்ன ஆனான் என்று தெரியாது. "அந்த ஆளு தனியா நிக்கிறான் பாரு, அத என் வாயால சொல்ல ஏலாதுலே" என்றான்.

அவன் முடிவைக் கேட்பதற்கென்றே வந்த ஒரு தாயும் உண்டு. பட்டாளத்தில் சேர்ந்து மலேயா போன அவள் மகனிடமிருந்து தகவல் நின்றுபோயிருந்தது. கண் பார்வை மங்கியவள். ஆட்டம் முடிந்ததும் திரைப்பக்கம் வந்து, "தம்பி, அந்தப் பய வந்து சேந்துட்டானா?" என்பாள். "சேந்துட்டான் ஆத்தா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்" என்பான் ஞானமுத்து. அவள் தலையாட்டிவிட்டுப் போவாள்.

யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, தமிழ்ப் படங்கள் பெருகின. குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நெஞ்சில் சளி கட்டி, அவன் திருச்சுழியில் தங்கை வீட்டோடு இருந்துவிட்டான். போன மாசி மாதம் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார முடியவில்லை. ஆனாலும் முதல் கேள்வி, "என்னலே படம் ஓட்டுற?" என்பதுதான்.

ஜமீன் கோட்டைக்குள் புகுந்து நகைப் பேழையைத் தூக்குகிற புதுப் படம் ஒன்று வந்திருந்தது. சொல்லச் சொன்னான். எனக்குக் கதை சொல்ல வராது. தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஆட்கள் மதிலேறி உள்ளே குதிக்கிற இடத்துக்கு வந்தபோது பஸ் ஹாரன் கேட்டது.

"போ, பஸ்ஸ விட்டுறாத. மிச்சத்த வந்து சொல்லு" என்றான். நான் வாசலுக்கு வந்த பிறகு உள்ளிருந்து குரல் கொடுத்தான்: "வேற யாருகிட்டயும் கேக்க மாட்டேம்லே!"

மிச்சக் கதையைக் கடைசிவரை அவன் யாரிடமும் கேட்கவில்லை என்று தங்கை சொன்னாள். மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு நான் கொஞ்சநேரம் அங்கேயே நின்றிருந்தேன். அந்தப் படத்தை இப்போது ஊர் ஊராக ஓட்டுகிறேன். கதை என்ன என்று யாராவது கேட்டால், மதிலேறிக் குதிக்கிறவரைக்கும் சொல்கிறேன். பிற்பாதி அவனுக்கென்று வைத்தது.