நாங்க போறோம்

ஏரியூரைத் தாண்டி ஒரு கரடு இருக்கிறது. மலை என்று சொல்லிக்கொள்ள உயரம் போதாது, ஏறி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் உச்சிப் பாறையில் உட்கார்ந்தால் காவிரித் தண்ணீர் தேங்கிக் கிடப்பது முழுக்கத் தெரியும். மார்கழியில் சூரியன் அதற்குள்தான் இறங்கும். அது என் இடம். பட்டா ஒன்றும் என்னிடம் இல்லை. எங்கள் பள்ளியில் அதைப் பற்றி முதலில் பேசியவள் நான்.

என் தோழி அறிவியல் டீச்சர். பென்னாகரத்தில் அந்தப் பள்ளிக்கு இருவரும் ஒன்றாக வேலைக்கு வந்தோம், ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டுச் சாப்பிட்டோம். குளிர்காலம் வந்தால் அவளைக் கரட்டுக்குக் கூப்பிடுவேன். ஒரு வருஷம் முழங்கால் வலி, இன்னொரு வருஷம் மாமியாருக்குக் காய்ச்சல். "அங்க கரடி இருக்குதாமே" என்றுகூட ஒரு முறை சொன்னாள்.

போன ஜூனில் அரூரிலிருந்து கம்ப்யூட்டர் டீச்சராக ஒரு சின்னப் பெண் வந்தாள். டிசம்பரில் ஒரு மதியம், யாரோ எடுத்துப் போட்ட அதே கரட்டின் வீடியோவைச் செல்போனில் காட்டி, "அக்கா, இங்க போலாமா?" என்று தோழியிடம் கேட்டாள். தோழிக்கு முழங்கால் அந்த நிமிடமே குணமாகிவிட்டது. கரடியும் ஊரைக் காலி செய்துவிட்டது.

முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்ததாம். எனக்கு வயிறு எரிந்தது.

எந்த பஸ், ஃபிளாஸ்க் யாருடையது, இறங்கும்போது இருட்டிவிட்டால் டார்ச் வேண்டுமா என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் அரையாண்டுப் பேப்பர் திருத்துகிறவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தப்பாகச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் தோழி என் பக்கம் திரும்பினாள். "நாங்க ஞாயித்துக்கிழமை போறோம். மதியம் கெளம்புனா பொழுது எறங்கறதுக்குள்ள மேல போயிடலாம்."

நாங்க. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம. வெளியே நிறுத்தினால் நாங்க. இத்தனை வருஷப் பழக்கத்தை அவள் ஒரே சொல்லில் தள்ளிவிட்டாள்.

"போயிட்டு வாங்க. பாத்து, பாறை வழுக்கும்" என்றேன். வழுக்கி விழட்டும் என்றுதான் மனதில் இருந்தது. பெரிய காயமெல்லாம் வேண்டாம், முழங்கால் போதும்.

தோழியின் முகம் வாடிவிட்டது. "ஏன், உனக்கு அன்னிக்கு என்ன வேல?"

"கூப்புடாத எடத்துக்கு நான் போறதில்ல."

"யாரு கூப்புடல? இப்பத்தான சொன்னேன், நாங்க போறோம்னு."

சின்னப் பெண் சிரித்துவிட்டாள். "அக்கா, நீங்க நாமன்னு சொல்லணும்" என்று அவளைத் திருத்திவிட்டு என்னிடம் சொன்னாள்: "இவங்க வூட்டுல கன்னடம் பேசறவங்க இல்லீங்களா. அதுல ரெண்டுக்கும் ஒரே வார்த்ததாங்க, நாவு. அதனால எப்பவும் மாத்தித்தான் சொல்லுவாங்க. நீங்க கவனிச்சதில்லீங்களா?"

கவனித்ததில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தவரை "போலாமா", "சாப்பிடலாமா" என்றாலே போதும், நாமும் வேண்டாம் நாங்களும் வேண்டாம். மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் அந்தச் சொல்லே தேவைப்பட்டது. அவள் பேச்சில் எனக்குத் தெரியாத ஒன்று ஜூனில் வந்தவளுக்குத் தெரிந்திருந்தது. பாறையில் வழுக்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தோழி பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி. நாம போறோம். நாம மூணு பேரும்."

இப்போது இலக்கணம் சரியாக இருந்தது. வருகிறேன் என்றேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது வேறொரு நாம. அதில் இரண்டு பேருக்குத்தான் இடம்.