மன்னார்குடிக்குத் தெற்கே நாற்பத்திரண்டு ஊசிகள்

சனிக்கிழமை, காலை 6.10. மன்னார்குடி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது பனி இன்னும் விலகவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். தஞ்சாவூரிலிருந்து கடைசி நாற்பது கிலோமீட்டரும் இருபுறமும் முற்றிய சம்பா. அழகாகத்தான் இருந்தது. நான் பார்க்க வந்தது அதை அல்ல. மகளைக் கையோடு அழைத்துப் போக வந்திருந்தேன்.

தமிழரசி தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். அதன்பிறகு சென்னையில் ஒரு நிறுவனத்தில் அக்குபங்சருக்கும் சீன மூலிகை மருத்துவத்துக்கும் இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் சேர்ந்தாள். கடைசி ஆறு மாதம் கிராமத்தில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். மன்னார்குடிக்குத் தெற்கே பதினோரு கிலோமீட்டரில் ஒரு ஊர் அவளுக்குக் கிடைத்தது. ஊரின் பெயரை எழுதவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

அறுவடை இயந்திரங்கள் டெல்டாவுக்குள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த ஊரில் மூன்று குடும்பங்கள் இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்குப் பயிரிட்ட நிலத்தை மிராசுதார் வேறொருவருக்கு விற்றுவிட்டார். விளைந்த நெல் யாருக்கு என்பது சண்டை. "மிஷின் எறக்கப் போறாங்களாம்மா" என்று மகள் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த வரிதான் என்னைப் பஸ் ஏற்றியது.

7.00. டவுன் பஸ்ஸில் டிக்கெட் இரண்டே கால் ரூபாய். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊசி போடுற பொண்ணோட அம்மாவா?"

"எப்படித் தெரியும்?"

"மொகம் அச்சு அப்படியே இருக்குங்களே. எங்க அக்காவுக்கு முட்டியில குத்துனாங்க. இப்ப மாடிப்படி ஏறுது. எங்க மாமாதான் பாவம், திட்டுக்குப் பயந்து மாடிக்கு ஓடிக்கூடத் தப்ப முடியல." பஸ்ஸே சிரித்தது. பிறகு குனிந்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "பாத்து இருங்கம்மா. நேத்தே மிஷின் வந்து ரோட்டோரமா நிக்கிது."

8.30. மருத்துவமனை என்பது ஒரு கீற்றுக் கொட்டகை. ஏழு பெண்கள் பாயில் குப்புறப் படுத்திருந்தார்கள். எல்லோரும் நாற்று நட்டே இடுப்பும் தோளும் போனவர்கள். ஆளுக்கு ஆறு ஊசி. மூலையில் இஞ்சியும் அதிமதுரமும் பட்டையும் மண்சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தன. தமிழரசி மாசிப்பத்திரி இலையைச் சுருட்டிய குச்சியில் நெருப்பு வைத்து, ஒருத்தியின் இடுப்பருகே சூடு காட்டினாள்.

"டாக்டரம்மா சுருட்டு பத்த வெச்சிட்டாங்கடி" என்றாள் செல்வமணி, குப்புறப் படுத்தபடியே. அந்த மூன்று குத்தகைக் குடும்பங்களில் ஒன்று அவளுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும்.

"சிரிக்காதீங்க அக்கா, ஊசி ஆடுது" என்றாள் என் மகள்.

அவள் வேலையில் ஒரு விதி இருந்தது. எத்தனை ஊசி ஏற்றினோம் என்று முதலில் ஒரு சிலேட்டில் எழுத வேண்டும். எடுத்தபின் தட்டில் எண்ண வேண்டும். கணக்கு சரியாகும்வரை யாரும் போகக்கூடாது. அன்று சிலேட்டில் 42.

"இன்னிக்கே கெளம்பலாம்" என்றேன்.

"இன்னும் நாப்பது நாள் இருக்கும்மா. பயிற்சிக் கையேட்டுல எங்க புரொபசர் கையெழுத்துப் போட்டாத்தான் பரீட்சை."

"உயிர் இருந்தாத்தானே பரீட்சை?"

அவள் செல்வமணியின் தோளில் ஒரு ஊசியைத் திருகினாள். நான் கோபமாக வாசலுக்கு வந்தேன்.

9.20. சாலையில் நீலநிற வேன் ஒன்று திரும்பியது. பின்னாலேயே இன்னொன்று. அவற்றுக்கு நடுவே இயந்திரம். "போலீஸ் வருது! போலீஸ் வருது!" என்று கத்தினேன்.

எல்லோரும் உள்ளேயே இருக்கட்டும், கதவைச் சாத்தட்டும் என்பதற்காகத்தான் கத்தினேன். எங்கள் தெருவில் அப்படிக் கத்தினால் அதுதான் நடக்கும். இங்கே ஏழு பேரும் எழுந்து வெளியே ஓடினார்கள். வயலை நோக்கி, வேனை நோக்கி, முதுகில் ஊசிகளோடு.

"ஓடாதீங்க! ஊசி!" தமிழரசியின் குரல் யார் காதிலும் விழவில்லை.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இயந்திரத்துக்கு முன்னால் படுத்தவர்களைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். நானும் தமிழரசியும் வரப்பு வரப்பாக, விழுந்து கிடந்த ஊசிகளைப் பொறுக்கினோம். ஒரு பாட்டி தன் ஆறு ஊசியையும் வெற்றிலையில் மடித்து வேன் ஜன்னல் வழியாக நீட்டினாள். "இந்தா, ஒங்க சாமான்." தமிழரசி இரண்டு தடவை எண்ணினாள். நாற்பத்தொன்று.

செல்வமணியை வாய்க்கால் கரையில் கண்டோம். தாண்டும்போது கால் தவறி மல்லாக்க விழுந்திருந்தாள். இடது தோள்பட்டைக்கு உட்புறம் ஊசியின் பிடி மட்டும் தெரிந்தது. என் மகள் அதை உருவி எடுத்தாள்.

"மூச்சு இழுத்தா குத்துதுடி தமிழு."

மகளின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நுரையீரலைத் தொட்டிருக்கிறது. வண்டி ஒன்றும் இல்லை. கடைசியில் இயந்திரத்துக்கு டீசல் கொண்டுவந்த ஜீப்தான் நின்றது. செல்வமணியின் கணவர், "அவனுவ வண்டியிலயா?" என்று மறித்தார்.

"நான் ஆத்தூர்க்காரன்ங்க" என்றார் ஓட்டுநர். "எனக்கு ஒங்க சண்ட தெரியாது. பொம்பள உதடு நீலமா இருக்குது. ஏத்துங்க."

பிற்பகல் 1.15. மன்னார்குடியில் முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விலா இடுக்கில் குழாய் செருகியபின்தான் செல்வமணிக்கு மூச்சு வந்தது.

"யாரு குத்துனது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் சார்."

"ஊசி இருக்கும்போது ஏன் எழுந்திரிக்க விட்ட?"

தமிழரசி என்னை ஒரு தடவை பார்த்தாள். "நான் கவனிக்கல சார்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை. சென்னையிலிருந்து அவளுடைய பேராசிரியர் வந்தார். கையேட்டில் கையெழுத்துப் போடவில்லை. அந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரை மறித்து, கத்தியது நான் என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து.

"அதுக்குக் கையேட்டுல இடம் இல்லீங்க" என்றார். "ஊசி யார் கையில இருந்துச்சோ, பொறுப்பு அவங்களோடது."

வார்டில் செல்வமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சத்தம் போட்டதாலதாங்க எங்களுக்குத் தெரிஞ்சிது. இல்லாட்டி படுத்துக் கெடக்கயிலயே அறுத்துட்டுப் போயிருப்பானுவ." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "முழுசா அறுத்துட்டானுவளா?"

முழுவதும் அறுத்துவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் நிக்கிது" என்றேன்.

செவ்வாய்க்கிழமை, காலை 8.00. தஞ்சாவூரிலிருந்து தனியாகக் கிளம்பினேன். குழாய் எடுக்கும்வரை செல்வமணியோடு இருக்கப்போவதாக மகள் சொல்லிவிட்டாள். வழியனுப்ப வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தமிழு, அன்னிக்கு டாக்டர்கிட்ட நான்…"

"விடும்மா."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷமும் இதே ஊரைத்தான் கேக்கப்போறேன்" என்றாள். "நீ வரதுன்னா வா. ஆனா நான் ஊசி ஏத்துறப்ப கொட்டாய்க்குப் பக்கத்துல வராத."

சரி என்றேன்.