ஏழாம் கல்லின் அம்பு

எங்கள் ஆய்வகத்தில் என் அக்காள் கணவருக்கு 'எதுக்கும்' என்று பெயர். "எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று சொல்லாமல் அவர் எந்த வேலையையும் முடித்ததில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பார். கல்யாணத்துக்கு முன் அக்காவின் வயதை அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், பிறகு என்னிடமும் தனியாகக் கேட்டார். நான் விளையாட்டுக்கு ஒரு வயது கூட்டிச் சொன்னேன். அந்தக் குழப்பம் இன்றும் அவருக்குத் தீரவில்லை.

அவர் கல் துளைப்பவர். நான் ஜீப் ஓட்டுகிறவன். எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது, அதிலுள்ள இரும்புச் சத்துள்ள துகள்கள் அன்றைக்குப் பூமியின் காந்தம் காட்டிய திசையைப் பிடித்துக்கொள்ளும். லட்சக்கணக்கான வருஷம் ஆனாலும் விடாது. அந்தத் திசையைப் படிக்க வேண்டுமென்றால், கல் பாறைக்குள் எப்படிக் கிடந்தது என்று தெரிய வேண்டும். அதற்காக அத்தான் விரல் நீளத்துக்கு உருளையாகத் துளைப்பார். அதை உடைத்து எடுப்பதற்கு முன், மேல்பக்கத்தில் பித்தளைக் கம்பியால் ஒரு கோடு கீறி, கோணத்தைக் குறித்துக்கொள்வார். கல் வெளியே வந்ததும் கோட்டின் மேல் மார்க்கரால் ஓர் அம்பு போடுவார். அம்பு பாறையின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் கல்லின் முன்பின் மாறிவிடும், அது சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும்.

இருபத்தாறு வருஷத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் கற்களுக்கு அம்பு போட்டவர் அவர். எல்லாம் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன.

போன மாதம் ஒரு மலைச்சரிவில் வேலை. ஒன்பது தடவை குழம்பு வழிந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த சரிவு. அதில் ஆறாவது அடுக்கிலிருந்து எட்டுக் கற்கள் எடுத்தோம். ஆய்வகத்தை நடத்தும் மேடம் முதல் நான்கை அளந்தார். நான்கும் தெற்கே காட்டின. மேலே உள்ள அடுக்குகள் வடக்கு, கீழே உள்ளவை வடக்கு, நடுவில் இது மட்டும் தெற்கு.

பூமியின் காந்தம் திசை மாறிய காலங்கள் உண்டு என்று மேடமே சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தச் சரிவில் ஏற்கெனவே இரண்டு குழுக்கள் வேலை செய்திருக்கின்றன, யாரும் இதைப் பார்க்கவில்லை. மேடத்தின் முகம் இறுகிவிட்டது.

முதல் சந்தேகம் அத்தானுக்குத்தான் வந்தது, அளவுக்கருவியைப் பார்த்துக்கொள்பவர் மேல். வேறு இடத்துக் கற்கள் இருந்த பெட்டியோடு மாற்றி வைத்துவிட்டார் என்றார். இரண்டு நாள் அந்த மனிதரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துளைத்த கற்களின் துண்டுகளை அரைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு ஆழத்தில் பாறை உருகி அந்தக் குழம்பு உண்டானது என்பது பொடியில் தெரியும். ஆறாவது அடுக்கு மற்ற அடுக்குகளைவிட ஆழத்திலிருந்து வந்தது. உள்ளே பச்சைப் படிகங்கள் பெரிதாக இருக்கும். எட்டும் அதே கல்தான். பெட்டி மாறவில்லை.

அப்புறம் மிச்சம் இருந்தது அம்பு மட்டும்.

"முதல் நாலும் ஒரே முகப்புல, கிட்டத்தட்ட ஒரே கோணத்துல எடுத்திருக்கீங்க," என்றார் மேடம். "அம்பை மாத்திப் போட்டிருந்தாலும் இப்படித்தான் தெற்கே காட்டும். அன்னைக்கு ஏதாவது தடங்கல் இருந்துதா? அவசரம், ஃபோன், ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடங்கல் இருந்தது. அன்று காலை அத்தானின் மகளுக்குப் பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நடுவில் அக்கா கூப்பிட்டாள். ஃபோன் பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி தடுமாறும் என்று அத்தான் அதை ஜீப்பில்தான் வைப்பார். நான் எடுத்துக் கொடுத்தேன். பேசிவிட்டுத் திரும்பியவர் மார்க்கரின் மூடியைக் கழற்றாமலே கல்லில் தேய்த்தார். கண்ணால் பார்த்தவன் நான்.

"நீங்க குறி போட்டது தப்புன்னா, இந்த நாலோட நிக்காது," என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அலமாரியில இருக்கிற எல்லாத்தையும் சந்தேகப்படணும். நாளைக்கு மீதி நாலையும் அளக்கப் போறேன்."

சரிவு வளையும் இடத்தைத் தாண்டிப் போய், ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில் எடுத்த கற்கள் அந்த நாலும். "எதுக்கும் அந்தப் பக்கமும் எடுத்துடலாம்" என்று அவர்தான் நடந்தார். வெயிலில் எனக்கு எரிச்சலாக வந்தது நினைவிருக்கிறது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல் அறைப் பக்கம் போனேன். உள்ளே அத்தான் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கல், மறு கையில் தின்னர் நனைத்த துணி. வாடை வாசல் வரை வந்தது. மார்க்கர் குறியை அழிக்கத் தின்னரைத் தவிர வேறு எதுவும் எடுபடாது.

அப்படியென்றால் எல்லாம் தப்புத்தானா? இத்தனை வருஷம் பூட்டை நாலு தடவை இழுத்ததெல்லாம் வெறும் வேஷமா? உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அக்காவின் முகம்தான் கண்ணில் வந்தது.

அவர் ரொம்ப நேரம் நின்றார். பிறகு துணியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, கல்லை எடுத்துக்கொண்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மேடம், இது ஏழாவது கல்லு. அம்பு தலைகீழா இருக்கு. ஃபோன் வந்துச்சு. பேசிட்டு வந்து போட்டது. ராத்திரி யோசிச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சுது. நேத்து உங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னு சொன்னது பொய்."

மேடம் கல்லை வாங்கிக்கொண்டார். நான்கையும் அளக்க மாலை ஆகிவிட்டது. அத்தான் வராந்தாவில் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஐந்து, ஆறு, எட்டு மூன்றும், கோணம் வேறு வேறாக இருந்தும், முதல் நான்கு சொன்ன அதே தெற்கைக் காட்டின. ஏழு மட்டும் எங்கோ பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்பைத் திருப்பிக் கணக்குப் போட்டதும் அதுவும் கூட்டத்தில் வந்து சேர்ந்துகொண்டது.

மேடம் எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "அம்பு தப்பா இருந்தா, துளைச்ச கோணத்தைப் பொறுத்து ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் ஓடும். உங்க ஏழாவது கல்லு ஓடின மாதிரி. மத்தது ஏழும் ஒரே இடத்துல நிக்குது. அப்ப அம்பு சரி, பூமிதான் திரும்பியிருக்கு." ஏழாவது கல்லின் புள்ளியைத் திரையில் தொட்டு, "இந்த ஏழாவது கல்லு இல்லன்னா நான் இவ்வளவு உறுதியா சொல்லியிருக்க மாட்டேன்," என்றார்.

அளவுக்கருவிக்காரரிடம் அத்தான் போய் மன்னிப்புக் கேட்டார். ஏழாவது கல்லின் அம்பைச் சரியாக வரைந்து வைக்க மேடம் சொன்னதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அது அப்படியே இருக்கட்டும் மேடம். பக்கத்துல தப்புன்னு எழுதி என் கையெழுத்துப் போடறேன்," என்றார். போட்டார்.

ஜீப்பில் ஏறும்போது கேட்டார். "மச்சான், மத்தியானம் கல் ரூம் வாசல்ல நின்னது நீதானே?"

"ஆமா, அத்தான்."

"நான் அழிச்சிருந்தா மேடத்துகிட்ட சொல்லியிருப்பியா?"

நான் சாவியைச் செருகினேன்.

"சொல்லியிருக்க மாட்டே. உன் நிழல் தரையில தெரிஞ்சுது. அழிச்சாலும் இவன் காட்டிக்கொடுக்க மாட்டான்னு தோணுச்சு. அப்பதான் எனக்கு என் மேலயே பயம் வந்துடுச்சு. துணியைப் போட்டுட்டேன்."

வண்டியைக் கிளப்பினேன். அவர் தன் பக்கத்துக் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் கை நீட்டி, என் கதவையும் இழுத்துப் பார்த்தார்.