அசல் வேப்பிலை

நேற்று போனிலேயே இருமினேன். இன்று அதே இருமலோடு மலையிலுள்ள செண்பகனூர் போனேன், மகளின் கைக்குழந்தையைப் பார்க்க. வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. சிரித்துவிட்டேன்.

அறுபதுகளில், பண்ணைக்காட்டில் என் தம்பி கைக்குழந்தை. பழனி அத்தை இருமிக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்குவதை அம்மா பார்த்துவிட்டாள். நாத்தனாரிடம் வராதே என்று எப்படிச் சொல்வது? வீட்டில் அம்மை என்று நினைக்கட்டுமே! மலையில் வேம்பு ஏது? காப்பித் தோட்டத்தில் கைக்குக் கிடைத்த இலையை ஒடித்து நிலையில் செருகினாள்.

அத்தை இலையை உற்றுப் பார்த்தாள். பஞ்சாமிர்தத்தைப் படியில் வைத்தாள்.

"எனக்கு இருமல் விட்டதும் வாரேன், மதினி!"

இந்தக் கதையை மகளுக்குச் சொன்னவன் நான்தான்.

"இருமல் விட்டதும் வாரேன், தாயி" என்று வாசலோடு திரும்பிவிட்டேன்.

ஆனால் இவள் பழனியிலிருந்து அசல் வேப்பிலையே வரவழைத்திருக்கிறாள். அப்பன்மேல்தான் எவ்வளவு மரியாதை! உங்கள் வீட்டில் என்ன இலை?