நல்ல நேரத்தில் போட்ட பெட்டிகள்

விமலேஸ்வரி பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே ஊதினாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. குழாயில் தண்ணீர் சீறியது, நின்றது.

பின்னால் மிளகாய்ச் செடிகள் பூவோடு வாடி நின்றன. போன போகமும் பூ கொட்டியது. இந்தமுறையும் கொட்டினால் காணியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தாள். அதில் துக்கம் எதுவும் இருக்கவில்லை. சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பித் திரும்பி வந்து ஜெயபுரத்தில் மூன்று தடவை கொட்டில் போட்டவள். எதையும் இரண்டாம்முறை கேட்பதில்லை.

அந்த வரிசைத் தோட்டங்களுக்கெல்லாம் ஒரே கிணறு, ஒரே குழாய். தோட்டத்துக்கு ஒரு பெட்டி; அதற்குள் சின்னக் கணினி. முதல்நாள் எந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டார்களோ, தினமும் அந்த நேரத்தில் அது குழாயைத் திறக்கும். தண்ணீரின் அமுக்கம் குறைந்தால் மூடும். அரைமணி நேரம் பொறுத்து மறுபடி திறக்கும். வேறெதுவும் அதற்குத் தெரியாது.

பெட்டிகளைப் பொருத்திய திட்டத்திலிருந்து கிருசாந்தன் வந்திருந்தான். வவுனியாப் பெடியன். காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றிலும் பிழையில்லை என்றான். முதல்நாள் எப்போது போட்டீர்கள் என்று கேட்டான். ஐயர் குறித்துத் தந்த சுபநேரத்தில், தேங்காய் உடைத்து, எல்லோரும் ஒன்றாக என்றாள்.

கிருசாந்தன் குழாயைக் காட்டினான்.

"எல்லாம் ஒண்டாத் திறக்குது, அமுக்கம் விழுந்து ஒண்டா மூடுது அக்கா. தனித்தனிய ஒவ்வொண்டும் சரி. சேர்ந்து செய்யிறதை ஒருத்தரும் எழுதேல்லை."

"அப்ப ஆரைத் தம்பி ஏசுறது?"

அவன் ஆளுக்கொரு நேரத்தில் பெட்டியை நிறுத்தி மறுபடி போடச் சொன்னான்; போட்ட நேரத்தை அது புதிதாகப் பிடித்துக்கொள்ளும். கண்ட நேரத்தில் போடலாமோ என்றார் பக்கத்துத் தோட்டத்து வீரகத்தி. மற்றவர்களும் தொடவில்லை. அன்று புதன், ராகுகாலம். விமலேஸ்வரி மட்டும் நிறுத்திப் போட்டாள். மற்றக் குழாய்கள் மூடிக் கிடந்த இடைவெளி அது. தண்ணீர் கடைசிப் பாத்திவரை போனது.

வீரகத்தி வேலிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ராகு உனக்குச் சொந்தமோ?"

பிறகு எத்தனை மணிக்குப் போட்டாய் என்று கேட்டார். பன்னிரண்டேகால் என்றாள். பொழுதுபடமுன் வந்து கேட்ட எல்லோருக்கும் அதையே சொன்னாள். ஆளுக்கொரு நேரம் என்று கிருசாந்தன் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் பன்னிரண்டேகாலுக்கு எல்லோரும் தங்கள் பெட்டிகளை நிறுத்திப் போட்டார்கள். அது ராசியான நேரம் என்றார்கள். குழாய் சீறியது, நின்றது. விமலேஸ்வரி தன்னுடையதை மாற்றவில்லை. மாற்றினால் அந்த நேரத்தையும் வந்து கேட்பார்கள். பின்னேரம் வாடிய பூக்கள் பாத்திகளில் கொட்டிக் கிடந்தன. கூட்டி ஒதுக்கினாள். வீரகத்தியின் மகள் கஜனி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பஸ் எங்கே நிற்குமென்று அவளிடம் கேட்டாள். சந்தியில் நிற்கும் என்றாள் கஜனி.