நல்ல தண்ணீரில் கழுவிய கிற்றார்

என்னிடம் மூன்று எலெக்ட்ரிக் கிற்றார்கள் இருந்தன. சீனாவில் செய்ததை யார் வாசித்தாலும் தகரத்தில் தட்டிய சத்தம்தான் வரும். கொரியாக்காரன் செய்தது பரவாயில்லை, ஆனால் கழுத்து தடிப்பு, கை உளையும். ஜப்பான் கிற்றார்தான் கிற்றார். ஒரு கம்பியைத் தொட்டுவிட்டால் சத்தம் அடங்கவே மனமில்லாமல் நிற்கும். சாப்பிட இருக்கும்போதெல்லாம் இதை வீட்டில் சொல்லியிருக்கிறேன். மீன்பிடிக்கிற என் அண்ணன் ஒருநாளும் தலை நிமிர்த்திக் கேட்டதில்லை.

போன சோளகக் காற்றுக் காலத்தில், கிணறுகள் உப்பாகி நல்ல தண்ணீரைக் குடக் கணக்கில் வாங்குகிற நாட்களில், ஒரு கிழமை வவுனியாவில் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஜப்பான் கிற்றார் முற்றத்து வெயிலில், கழுவி வைத்த படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. வயர் குத்துகிற ஓட்டையால் தண்ணீர் சொட்டியது. கம்பிகள் முழுக்கக் கிறீஸ்.

"இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"கம்பியிலை துரு கண்டனான். உப்புக் காத்துப் பட்ட சாமானை நல்ல தண்ணியிலை கழுவாட்டி அரிச்சுப் போடும்" என்றார் அண்ணன், எனக்குப் பெரிய உதவி செய்துவிட்ட முகத்தோடு.

எனக்குப் பற்றி எரிந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கதிரையை உதைத்து விழுத்தினேன். உள்ளே மற்ற இரண்டு கிற்றார்களும் சுவரில் தொங்கின. அவற்றின் கம்பிகளிலும் அதே துரு.

"கழுவத்தான் வேணுமெண்டால் அந்தச் சீனாச் சாமானைக் கழுவியிருக்கலாம்தானே" என்று கத்தினேன்.

அண்ணன் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"இருந்த நல்ல தண்ணி ஒண்டைக் கழுவத்தான் காணுமாயிருந்தது. உதுதான் நல்லது எண்டு நீதானே எந்த நாளும் சொல்லுறனி."